பாசிக்குப் போகிறவர்கள்

நோன்பு மாதம் வந்தால் எங்கள் ஊருக்குக் கடற்பாசியும் வந்துவிடும். கடையநல்லூர் மெயின் ரோட்டு மளிகைக் கடைகளில் வெள்ளை நூல்கண்டு மாதிரி சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் தொங்கும். அதைக் கொதிக்கவைத்துக் கரைத்து, பாலும் சீனியும் ரோஸ்மில்க் எசன்ஸும் விட்டுத் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் உறைந்துவிடும். வில்லை போட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வீட்டு மாமி எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என் அம்மா அதைச் சாப்பிடும் அழகு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புகையிலைத் தூள் ஒட்டிய விரல் படாமல் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவாள். அவளுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் ஓய்வு.

அந்தப் பாசியை யாரோ கடலுக்குள் இறங்கிப் பறிக்கிறார்கள் என்று அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மேற்கே மலை, கிழக்கே கரிசல் என்று கிடக்கும் ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமானால் திருச்செந்தூருக்கு வேண்டுதல் இருக்க வேண்டும்.

எனக்கு அந்த யோசனை வந்தது ஒரு விண்ணப்பப் படிவத்தால். நான் வகுப்பாசிரியராக இருந்த ஆண்டு, முதுகலைத் தமிழ் மாணவிகளின் உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், பாம்பன் பக்கத்துக்காரி. அக்காவைத் தென்காசியில் கட்டிக்கொடுத்திருந்ததால் இந்தப் பக்கம் படிக்க வந்தவள். தந்தை பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருந்தது. தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’. அப்படியானால் வீட்டுக்கு வருமானம் எப்படி என்று கேட்டேன்.

“அம்மா பாசிக்குப் போவாங்க மேம்.”

“அதை எழுதலாமே?”

“லிஸ்ட்ல அப்படி ஒரு தொழில் இல்ல மேம். மீனவர்னு போட்டா அப்பாவோட கார்டு கேக்குறாங்க. கூலின்னு போட்டா யார்கிட்ட கூலின்னு கேக்குறாங்க. இல்லத்தரசின்னு போட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

என் பள்ளிச் சான்றிதழிலும் அம்மாவின் தொழில் ‘இல்லத்தரசி’தான். எழுதியவர் அந்தப் பள்ளியின் எழுத்தர். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் அப்படித்தான் எழுதியிருந்தார். அந்தப் பாதிப் பேரின் அம்மாக்களும் அதிகாலையில் இலை நனைத்து, வெட்டி, அடுப்பு வேலைக்கு நடுவே சுற்றி, சாயங்காலம் பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். என் கல்லூரிக் கட்டணம் அப்படித்தான் கட்டப்பட்டது. அதனால்தான், ‘இல்லத்தரசி’ என்ற சொல்லில் அரசி எங்கே இருக்கிறாள் என்று வகுப்பில் கேலி செய்கிற நான் அந்தப் பெண்ணிடம் கேலி செய்யாமல், “உங்க அம்மாவைப் பார்க்க வரலாமா?” என்று கேட்டேன்.

மாசி மாதம், அமாவாசைக்கு முந்தின நாள் கிளம்பினோம். ராஜபாளையம், அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம், அங்கிருந்து பாம்பன். ராமநாதபுரம் தாண்டியதும் கருவேலங்காடும் உவர் மண்ணும் தவிர வேறொன்றும் இல்லை. மண்டபம் வந்ததும் திடீரென்று இரண்டு பக்கமும் நீலம். சாலைப் பாலத்தில் பேருந்துகள் வேகம் குறைக்கின்றன, எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள், போன்கள் மேலே எழுகின்றன. 1914-இல் போட்ட பழைய ரயில் பாலம் ஓய்ந்து நிற்க, பக்கத்தில் 2025-இல் திறந்த புதுப் பாலம், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாகத் தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும் பாலம். எனக்கு முன் இருக்கையில் இருந்த குடும்பம் தென்பக்கக் கடலைக் காட்டி “அங்க பாரு தீவு” என்று குழந்தைக்குச் சொன்னது. அதுதான் குருசடை. பாலத்திலிருந்து பார்க்க ஒரு பச்சைக் கோடு.

மாணவியின் ஊர் சின்னப்பாலம். பாம்பனிலிருந்து தெற்கே, குந்துகால் போகும் சாலையில் இருக்கிறது. பனையும் மணலும், ஓலைத் தட்டிகளும் காங்கிரீட் வீடுகளும் கலந்த ஊர். தெருவில் நடக்கும்போது காலுக்கடியில் மொரமொரவென்று ஏதோ நொறுங்கியது. பார்த்தால், காயவைத்த பாசி. வாசல், திண்ணை, சாலை ஓரம் எங்கும் விரித்திருந்தார்கள். எங்கள் ஊரில் மிளகாய் வற்றல் காயப்போடுவது போல.

குந்துகாலில் விவேகானந்தருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரியில், வெளிநாட்டுப் பயணம் முடிந்து இலங்கை வழியாக வந்தவர் இங்கேதான் கரையேறினார். ஒருமுறை கரையேறியவருக்கு மண்டபம். அதே கரையில் ஈரப் பையோடு ஏறிவருகிற பெண்களுக்கு உடை மாற்ற ஒரு மறைப்பு இல்லை என்று மாணவியின் அம்மாதான் சொன்னார், குறையாகக்கூட அல்ல, வழி காட்டுகிற மாதிரி. “அந்த மண்டபத்துக்கு இந்தப் பக்கமா இறங்குவோம் டீச்சர். துணி மாத்த வீட்டுக்குத்தான் வரணும்.”

அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு வயதில் தன் அம்மாவோடு கடலுக்குள் இறங்கியவர். இரண்டு மகள்களையும் இறங்க விடவில்லை.

மறுநாள் விடியுமுன் அவர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வள்ளம். டீசல் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்கிறார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சி இறுக்கிக் கட்டி, மேலே மகனுடையதோ கணவருடையதோ ஒரு டீ-ஷர்ட். தேர்தலில் கொடுத்த சட்டைகள் நிறைய. ஒரே வள்ளத்தில் மூன்று கட்சிச் சின்னங்கள் போனதை நான் எண்ணினேன். விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றுகிறார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. காலுக்குப் பழைய செருப்பு, அதையும் கயிறு போட்டுக் கட்டி. கண்ணுக்கு நீர்க் கண்ணாடி. இடுப்பில் வலைப்பை. முன்பெல்லாம் இந்தக் கண்ணாடியும் இல்லை, உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டுதான் தேடுவோம் என்றார் ஒரு மூத்த அம்மா. அவர் கண்கள் ரத்தம் கட்டியது போல் நிரந்தரமாகச் சிவந்திருந்தன.

கடலுக்குள் போனால் நான்கு ஐந்து மணி நேரம். ஆழம் குறைந்த இடத்தில் குனிந்து, ஆழத்தில் மூச்சடக்கி முங்கி. பறித்துப் பையில் போட்டு, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்கி. மரிக்கொழுந்து என்று ஒரு பாசி, பாறையோடு ஒட்டி வளர்வது, விலை கூடியது. அப்புறம் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. மரிக்கொழுந்து என்ற பேரைக் கேட்டதும் எனக்கு மதுரை பூக்கடை ஞாபகம் வந்தது. அந்த அம்மா சிரித்து, “இதுல வாசம் கிடையாது டீச்சர், வீச்சம்தான்” என்றார். மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் அதற்கு ஆலைகள் இருக்கின்றன. ஐஸ்கிரீம், ஜெல்லி, மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டு, எங்கள் ஊர் நோன்புத் தட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். கட்டக்கோரையிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சிடுவதற்கும் பல் மருத்துவருக்கும் போகிறது.

திருக்கை முள், சொறி பட்டால் வரும் தடிப்பு, பாறைக் கீறல், இதெல்லாம் கேட்டால்தான் சொல்கிறார்கள். தூரம் வரும் நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “போவோம்” என்றார் ஒருவர். வேறு ஒருத்தி, “மொத ரெண்டு நாளு போக மாட்டோம், அதுக்கு மேல உக்காந்தா அமாவாசை போயிரும்ல” என்றாள். இந்த வேலைக்குக் காலண்டர் நிலாதான். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாள் மட்டும். ஏப்ரலிலிருந்து மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பாசியும் எடுப்பதில்லை. இரும்புச் சுரண்டியால் வழிப்பதை நிறுத்தி, வேரை விட்டுக் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் இவை. பாசி மறுபடி வளர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை.

இந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் தருகிற விருது. பாசி எடுக்கும் பெண்ணாக இருந்து, மற்றப் பெண்களைத் திரட்டி, உரிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஒரே நேரத்தில் பேசியவர். கலிபோர்னியா வரை போய் வாங்கி வந்தார். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த விருதுக்குப் பின்னால் இருக்கிற கதை இன்னும் முடியவில்லை.

கதை 1986-இல் தொடங்குகிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மாலை கோத்தது போல் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டரை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989-இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்தத் தீவுகளின் பெயர்களைப் பாருங்கள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, முயல் தீவு, ஆனைப்பார், தலையாரி, பூமரிச்சான், புல்லிவாசல். எங்கே குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது, எங்கே பார் இருக்கிறது என்று போய்வந்தவர்கள் வைத்த பெயர்கள். பெயர் வைத்தவர்களின் பேத்திகள் இன்றைக்கு அந்தக் கரையில் கால் வைத்தால் குற்றம்.

‘பூங்கா’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. தமிழில் பூங்கா என்றால் பூத்த சோலை, பொழுதுபோக்கும் இடம். வேலை செய்கிற இடத்துக்கு யாரும் பூங்கா என்று பேர் வைக்க மாட்டார்கள். சின்னப்பாலத்தில் அந்தச் சொல் யார் வாயிலும் வரவில்லை. ‘தீவுப் பக்கம்’ என்கிறார்கள், அல்லது ‘ஃபாரஸ்ட்டு’ என்கிறார்கள். கடலுக்கு நடுவே நின்று ஒருவர் ‘ஃபாரஸ்ட்டுக்காரவுக வந்தாங்க’ என்று சொல்லக் கேட்பது மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு விசித்திரமாகவும் பழக்கமானதாகவும் இருந்தது. விறகுக்கு மலையேறிய எங்கள் ஊர்ப் பெண்கள் அதே குரலில்தான் அதே சொல்லைச் சொல்வார்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்தில் மக்களின் சில உரிமைகளைத் தொடர அனுமதிக்க வழி இருக்கிறது. தேசியப் பூங்காவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். அறிவிப்பு வந்த உடனே இங்கே யாருக்கும் தெரியவில்லை. 2000-க்குப் பிறகு காவல் இறுகியபோதுதான் தெரிந்தது. மாணவியின் அம்மா சொன்னார்: “நேத்து வரைக்கும் போன எடம். ஒரு நாள் படகு வந்து நிப்பாட்டுது. பையப் பிடுங்கிக் கடல்ல கொட்டுனாங்க. அபராதம் கட்டச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா திருட்டுங்கறாங்க. நான் யாரு வீட்ல திருடுனேன்?”

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இந்தக் கடலைச் சூறையாடிய வரலாறு உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. இப்போது அவை வரைபடத்தில் மட்டும் இருக்கின்றன. ஆவுளியா என்று இவர்கள் சொல்கிற கடல்பசு அரிதாகிவிட்டது. அதைக் காக்க 2022-இல் வடக்கே பாக் விரிகுடாவில் தனிக் காப்பகமே அறிவித்தார்கள். வேண்டியதுதான். ஆனால் பாறையை வெட்டிய முதலாளியும், அடிமடியைச் சுரண்டும் இழுவை மடிக்காரரும், விரலில் துணி சுற்றிக் கிள்ளி எடுக்கும் பெண்ணும் ஒரே சட்டத்தின் முன்னால் ஒரே மாதிரி நிற்கவில்லை. முதல் இருவருக்கும் சங்கம், படகு எண், உரிமம் எல்லாம் இருந்தன. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட ஒரு முகவரி இருந்தது. இவளுக்கு, கடலில் இவள் இருக்கிறாள் என்பதற்கே சான்று இல்லை. ‘மீனவப் பெண்’ என்று அரசு எழுதும்போது பெரும்பாலும் மீனவருடைய மனைவி என்றே பொருள் கொள்கிறார்கள். கடலுக்குப் போவது அவன், கரையில் காத்திருப்பதும் மீன் விற்பதும் இவள்.

இங்கே நான் என் தொழிலுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நெய்தல் திணை நடத்துகிறேன். கடலும் கடல் சார்ந்த நிலமும், உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தல் நூறும் எனக்கு மனப்பாடம் என்று சொல்லலாம். அவை பெரிய கவிதைகள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அங்கே பெண்கள் வேலை செய்யாமலும் இல்லை. காயும் மீனைக் கவர வரும் பறவையை விரட்டுகிறார்கள். அகநானூற்றில் உமணர் மகள் உப்புக்கு நெல் மாற்றித் தெருவில் கூவிப் போகிறாள். ஆனால் பறவை விரட்டுவதும் உப்பு விற்பதும் கரைக்கு இந்தப் பக்கம். கடலுக்குள் இறங்கி, மூச்சடக்கி, பையை நிரப்பிக்கொண்டு வருகிற பெண் நான் நடத்தும் பாடத்திட்டத்தில் இல்லை. தலைவி கரையில் நின்று தேர் வருமா என்று பார்க்கிறாள். எங்கள் மாணவிகள் பத்து மதிப்பெண் வினாவில் ‘காத்திருத்தலின் அழகியல்’ எழுதுகிறார்கள்.

இதைச் சின்னப்பாலத்துத் திண்ணையில் சொன்னேன். திணை, உரிப்பொருள் எல்லாம் விலக்கி, “பழைய பாட்டில் கடற்கரைப் பெண் என்றால் காத்திருக்கிறவள்” என்று. ஒரு அம்மா யோசித்துவிட்டு, “நாங்க தண்ணிக்குள்ள இருக்கையில வீட்டு ஆம்பளதான் சில நாளு கரையில வந்து நிப்பாரு, பை தூக்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வந்த மாணவி சிரிக்கவில்லை. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

கொரியாவின் ஜேஜு தீவில் இதே வேலை செய்யும் பெண்களை ஹேன்யோ என்கிறார்கள். மூச்சடக்கி முங்கிச் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள், எழுபது எண்பது வயது வரைகூட. 2016-இல் யுனெஸ்கோ அவர்களின் மரபை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கு அங்கே ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. நம் பெண்களை அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்லவில்லை, அது வேறு ஆபத்து. ஒரு பெயர் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். ஹேன்யோ என்றால் கடல் பெண். இங்கே ‘பாசிக்குப் போறவ’ என்கிறோம். தொழிலாளி என்ற ஒலியே அதில் இல்லை.

மூன்றாம் நாள் நான் குருசடைக்குப் போனேன். வனத்துறை குந்துகாலிலிருந்து படகு விடுகிறது. டிக்கெட், மிதவைச் சட்டை, வழிகாட்டி எல்லாம் முறையாக இருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வேலையும் கிடைக்கிறது, நல்லதுதான். மாணவியின் அம்மாவையும் கூப்பிட்டேன். டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அங்க நான் டிக்கெட் எடுத்துப் போறதா? அந்தத் தீவுல எந்தக் கிணத்துல தண்ணி நல்லாருக்கும்னு எங்கம்மா காட்டிக் கொடுத்துருக்கா டீச்சர். நீங்க போயிட்டு வாங்க.”

தீவு அழகாகத்தான் இருந்தது. அலையாத்தி மரங்கள், கண்ணாடி போன்ற தண்ணீர், கடல் அட்டை, நட்சத்திர மீன். உயிரியல் படிப்பவர்களுக்குச் சொர்க்கம் என்று பல காலமாகச் சொல்கிறார்கள், பொய்யில்லை. எங்களோடு வந்த ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்தது. நானும் ஒரு படம் எடுத்தேன். பணம் கட்டினால் எனக்குத் திறக்கிற கரை அவருக்குத் திறக்காது என்பதை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை.

குருசடையின் பவளப்பாறைக்கு வேறொரு கதையும் உண்டு. கப்பாஃபைகஸ் என்ற பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று தொண்ணூறுகளில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்தச் சாகுபடியாக எடுத்துக்கொண்டது. மூங்கில் தெப்பம் கட்டி, கயிற்றில் பாசித்துண்டைக் கோத்துக் கடலில் மிதக்கவிட்டால் ஒன்றரை மாதத்தில் அறுக்கலாம். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. வருமானமும் கிடைத்தது, மறுப்பதற்கில்லை. 2008-இல் அந்தப் பாசி குருசடையின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பரவியதா, எவ்வளவு பரவியது என்று இன்றும் விஞ்ஞானிகள் வாதிடுகிறார்கள். பாசி எடுக்கும் பெண் காலால் மிதித்துப் பவளத்தை உடைக்கிறாள் என்று சொல்லி அவளை வெளியே நிறுத்திய அதே கடலில், அயல்நாட்டுப் பாசிக்கு நுழைவு கிடைத்தது. 2023-இல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மறுபடி பூங்கா! அதில் யார் தொழில்முனைவோர், யார் தினக்கூலி என்பதைப் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம், அந்த அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு அடையாள அட்டை. பாசி சேகரிப்பவர் என்று குறிப்பிட்டு, அவர் பெயர், போட்டோ, ஊர். நிறைய நடையும் மனுவும் கூட்டமும் போட்ட பிறகு கிடைத்தது. கணவர் பெயரைக் கேட்காமல் தனக்கென்று வந்த முதல் காகிதம் இதுதான் என்றார். இதைக் காட்டினால் தீவுக்கு விடுவார்களா என்று கேட்டேன். இல்லை. கடன் கிடைக்குமா? இல்லை. தடைக்கால நிவாரணம்? அது மீனவர் அட்டைக்கு. “பின்னே எதுக்கும்மா?” என்று மாணவி கேட்டாள். “இருக்கட்டும். நான் திருடி இல்லன்னு இருக்குல்ல” என்றார்.

அப்போதுதான் பேச்சு என் அம்மாவிடம் போனது. பீடி சுற்றுகிறவர்களுக்கும் அட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். 1966-லேயே பீடித் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம், 1976-இல் நல நிதிச் சட்டம். ஆனாலும், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளியே இல்லை என்று கம்பெனிகள் வழக்காடின. இலை அவர்களுடையது, தூள் அவர்களுடையது, சரியில்லை என்று கழித்து எறிகிற உரிமையும் அவர்களுடையது, தொழிலாளி மட்டும் அவர்களுடையவள் இல்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் சேமநல நிதிச் சட்டத்துக்குள் வரும் தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. பாஸ்புக்கில் பேர் ஏற்ற எங்கள் தெருப் பெண்கள் பீடிக்கடை வாசலில் உட்கார்ந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பாஸ்புக்கில் மூன்று பேர் சுற்றி, ஒருத்தி பேரில் மட்டும் பி.எஃப். ஏறிய வீடுகளும் உண்டு. அந்த மற்ற இருவருக்கும் இன்றுவரை கணக்கில்லை.

“உங்க அம்மாவுக்கு பென்ஷன் வருதா?”

“வருது. மாசம் ஆயிரத்துச் சொச்சம்.”

அவர் மெதுவாக, “ஆயிரம்” என்றார். பிறகு, “சாகுற வரைக்கும் வருமா?”

“வரும்.”

“அவுக பேர்லயே?”

“அவுக பேர்லதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கு இலை கொடுக்கிற கம்பெனி கிடையாதே, கடல்தானே முதலாளி, யார் மேல் கேஸ் போடுவது என்று கேட்டார். சரியான கேள்வி. பாசி வாங்குகிற ஏஜெண்டு ஒருவர், அவரிடம் வாங்கும் ஆலை ஒன்று, அதற்கும் மேலே யார் யாரோ. எடை போடும்போது உப்புக்கும் மணலுக்கும் கழிக்கிற உரிமை மட்டும் ஏஜெண்டுக்கு இருக்கிறது. அதைக் கேட்டதும், எங்கள் பீடிக்கடையில் கழிவு போடுவதும் அப்படித்தான் என்றேன். எவ்வளவு கழிப்பார்கள், யார் முடிவு செய்வது, எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும், சங்கம் எப்படி வந்தது, முதலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். என் அம்மாவின் போன் எண்ணை வாங்கித் தன் மகளிடம் கொடுத்துப் பதியச் சொன்னார்.

பிறகு வாசலுக்குப் போய், காய்ந்த பாசியைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அத அப்படியே போட்டுட்டு இங்க வாங்கடி. இந்த டீச்சர் ஊர்ல பீடி சுத்துறவுக பென்ஷன் வாங்குறாகளாம். என்னா செஞ்சு வாங்குனாகன்னு கேளுங்க.”

பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் மறுபடி திண்ணையில் உட்கார்ந்தேன்.